பல்செட் குழுவுக்குப் பத்து வரி

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குள் அவன் ஒரு ஜாஸ் குழுவையும் இரண்டு வயலின்காரர்களையும் தீர்த்துக்கட்டியிருந்தான். நான்கு பேரும் நான்கு வேறு பாட்டை வாசிப்பார்கள், நான்கும் ஒரே நேரத்தில் முடிந்துவிட்டால் அந்த அதிசயத்துக்காகக் கைதட்டலாம் என்று ஜாஸ்காரர்களுக்கு எழுதியாயிற்று. வயலின்காரர்கள் அண்ணன் தம்பிகள். வீட்டுச் சண்டையை மேடைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள், அக்கம்பக்கத்து வீட்டார் ஒரு சாயங்காலமாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று அவர்களுக்கு. அடுத்தது மடிக்கணினியில் இசை போடுகிற ஒருவர். அவருடைய படத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, 'கணினி முன்னால் நின்று மூன்று மணி நேரம் தலையாட்டுவார். எங்கள் அலுவலகத்தில் நாற்பது பேர் தினமும் இதைத்தான் செய்கிறார்கள். ஒருவரும் டிக்கெட் போட்டதில்லை' என்று தட்டினான்.

தட்டிவிட்டுத் தானே ஒரு தடவை படித்துப் பார்த்து உதட்டோரம் சிரித்துக்கொண்டான். அந்த மனிதன் சிரிப்பது அப்போது மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறவனுக்கு அலுவலகத்தில் எலுமிச்சை என்று பேர். அந்தப் பேர் அவனுக்கும் தெரியும். அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை தோறும் செய்தித்தாளின் ஒன்பதாம் பக்கம் அவனுடையது. 'வரும் வாரக் கச்சேரிகள்' என்று தலைப்பு. ஒவ்வொரு கச்சேரிக்கும் பத்து வரி, அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. நகரத்தில் வாரத்துக்கு இருபது கச்சேரியாவது நடக்கும். பியானோ, சேர்ந்திசை, நாட்டுப்புறப் பாட்டு, ராப், பழைய பாட்டுகளைப் புதிதாகப் பாடுகிறேன் என்று கெடுக்கிறவர்கள், புதிய பாட்டுகளைப் பழைய மாதிரி பாடித் தூங்க வைக்கிறவர்கள். எல்லாரும் அவனுக்குக் குறிப்பும் படமும் அனுப்புவார்கள். சிலர் இனிப்பும் அனுப்புவார்கள். இனிப்பைத் தின்றுவிட்டுத்தான் திட்டுவான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவன் கச்சேரிக்குப் போவதே இல்லை. நடக்கப்போகிற கச்சேரியைப் பற்றித்தானே எழுதுகிறான், நடந்ததைப் பற்றி இல்லையே. படத்தில் முடியைப் பார்ப்பான், சட்டையைப் பார்ப்பான், குறிப்பில் எத்தனை இடத்தில் 'ஆன்மா' என்ற சொல் வருகிறது என்று எண்ணுவான். அது போதும். கடைசியாக அவன் ஓர் அரங்கத்துக்குள் உட்கார்ந்து பதினோரு வருடம் ஆகிறது, அதுவும் மழைக்கு ஒதுங்கியது. அங்கே யார் பாடினார்கள் என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

அவனுக்குக் கைவராத வேலை ஒன்று உண்டு. செய்தித்தாளுக்கு விளம்பரம் தருகிற அரங்கங்களின் கச்சேரிகளைத் திட்டக் கூடாது. விளம்பரப் பிரிவிலிருந்து வரும் பட்டியலில் அவற்றுக்கு நேரே நட்சத்திரக் குறி இருக்கும். நட்சத்திரம் என்றால் புகழ்ந்தாக வேண்டும். ஆரம்பத்தில் அவன் முயற்சி செய்துதான் பார்த்தான். புகழ வேண்டும் என்று உட்கார்ந்தால் விரல் ஓடவே ஓடாது. கடைசியில் ஆறு பத்திகளை ஒரே மூச்சில் எழுதி, பக்கம் வடிவமைக்கிற பெண்ணிடம் கொடுத்துவிட்டான். 'செவிக்கு விருந்து', 'இசை மழை', 'மனதை மயக்கும் மாலைப் பொழுது', 'குடும்பத்துடன் கண்டு களியுங்கள்' என்று ஆறும் ஒரே மாவில் சுட்டவைதான். அவள் அவற்றுக்கு ஒன்று முதல் ஆறு வரை எண் போட்டுக் கணினியில் சேர்த்து வைத்திருந்தாள். எண்ணைத் தட்டினால் பத்தி வந்து விழும். பேரையும் நேரத்தையும் மாற்றினால் வேலை முடிந்தது. பத்தொன்பது வருடமாக இந்த ஆறு பத்திகள் மாறி மாறி அச்சாகிக்கொண்டிருந்தன.

"இந்த வாரம் பியானோவுக்கு மூணா நாலா சார்?" என்று அவள் கேட்பாள்.

"போன வாரம் என்ன போட்டோம்?"

"மூணு."

"அப்ப நாலு."

அவ்வளவுதான் அவனுடைய புகழ்ச்சி.

அன்று மதியம் மூன்று மணிக்கு அவனுக்குப் பல் அடைக்க வேண்டியிருந்தது. கீழ்க்கடைவாய்ப் பல்லில் ஓட்டை. அக்கா வேலை பார்க்கிற பல் மருத்துவமனைக்குத்தான் போவான். அவனுக்கு எட்டு வயது மூத்தவள். முப்பது வருடமாக அங்கே பல்செட் பிரிவில் இருக்கிறாள். அளவு எடுப்பது, அச்சு வார்ப்பது, மாட்டிப் பார்த்துக் குத்துகிற இடத்தை ராவிக் கொடுப்பது எல்லாம் அவள் கைவேலை. நகரத்தில் பாதிப் பேருடைய சிரிப்பு அக்கா செய்து கொடுத்தது என்று அவன் அலுவலகத்தில் சொல்லிக்கொள்வான். அதையும் ஒரு குத்தலாகத்தான் சொல்வான்.

டாக்டர் மரத்துப்போகிற ஊசியைப் போட்டுவிட்டு, எச்சில் உறிஞ்சுகிற குழாயை வாயோரம் மாட்டிவிட்டு, அடுத்த அறை நோயாளியைப் பார்க்கப் போனார். அக்கா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். வாயைத் திறந்தபடி நாற்காலியில் மல்லாந்து கிடந்தவனை மேலிருந்து பார்த்தாள்.

"இப்பதான் நீ குறுக்கே பேச மாட்டே. சொல்றதைக் கேளு" என்றாள்.

அவனுக்கு விஷயம் ஓரளவு தெரியும். பல்செட் புதிதாக மாட்டிக்கொண்டவர்களுக்கு உதடும் நாக்கும் சொன்ன பேச்சைக் கேட்காது. பேசினால் வார்த்தை வழுக்கும். அதற்காக அக்கா சில பேர் கையில் ஆளுக்கொரு மவுத் ஆர்கனைக் கொடுத்து ஊதச் சொன்னாள். ஊதி ஊதி அது ஒரு குழுவாகிவிட்டது. ஏழு வருடமாகப் புதன்கிழமை சாயங்காலம் நூலகத்து மாடி அறையில் ஒன்பது பேர் உட்கார்ந்து ஊதுகிறார்கள். அக்காவும் அதில் ஒருத்தி. இந்தக் கூத்தை அவன் யாரிடமும் சொன்னதில்லை. இசையைப் பற்றி எழுதுகிறவனுடைய அக்கா பல்லில்லாதவர்களோடு சேர்ந்து மவுத் ஆர்கன் ஊதுகிறாள் என்று வெளியே தெரிந்தால் என்ன ஆவது.

"நூலகத்துப் பொறுப்பாளர் ரூமைக் கேட்கறார். உடற்பயிற்சி வகுப்புக்காரங்க புதன்கிழமை வேணும்னு நிக்கறாங்களாம். இத்தனை வருஷமா ஊதறீங்களே, யாராவது கேட்டிருக்காங்களான்னு கேட்டார். நாலு பேர் வந்து கேட்டா சரிதானேன்னு நானும் சொல்லிட்டேன். சனிக்கிழமை ஆறு மணிக்குக் கீழ் ஹால்ல கச்சேரி. நூறு நாற்காலி. அறுபது பேர் வந்தா ரூம் எங்களுது. இல்லேன்னா காலி பண்ணணும்."

அவன் தொண்டைக்குள் ஏதோ சத்தம் எழுப்பினான்.

"ரூம் போனா போகட்டும்னு விட்டுடுவேன். எங்க டிரைவர் இருக்காரே, பஸ் ஓட்டிட்டு ரிடையர் ஆனவர், அவருக்குப் பல்லெல்லாம் எடுத்தப்புறம் நாலு மாசம் வீட்டுல யார்கிட்டயும் வாயைத் திறக்கலை. மருமகள்கிட்ட எழுதிக் காட்டித்தான் சாப்பாடு கேட்பார். புதன்கிழமை வர ஆரம்பிச்சப்புறம்தான் பேசறார். இப்ப நிறுத்தினா மறுபடி வாயை மூடிப்பார்டா. எனக்குத் தெரியும்."

குழாய் கொரகொரவென்று உறிஞ்சியது. அக்கா அதைச் சரியாக நகர்த்தி வைத்தாள்.

"அதனால உன் பக்கத்துல எங்களைப் போடு. நல்லா திட்டி எழுது. உன் பாணியில ஒரு போடு போடு. வர்றவன் அதைப் படிச்சுட்டுத்தான் வருவான்."

டாக்டர் வந்து அடைத்துவிட்டுப் போய், வாய் கொப்புளித்துத் துப்பிய பிறகுதான் அவனால் பேச முடிந்தது. அதுவும் பாதி உதடு மரத்துப்போய்க் குழறியது.

"உன்னைப் போய் நான் திட்டுவேனாக்கா?"

"ஏன், நான் என்ன அவ்வளவு மட்டமா?" என்று கேட்டுவிட்டு அவள் ஒரு பல்செட்டை எடுத்து ராவ உட்கார்ந்தாள்.

அதை அவன் அடக்கம் என்று எடுத்துக்கொண்டான். தன் பக்கத்தைப் படிக்கிறவர்கள் திட்டைப் படித்துச் சிரித்துவிட்டு, புகழ்ச்சியைப் பார்த்துப் போகிற இடத்தை முடிவு செய்கிறார்கள் என்றுதான் பத்தொன்பது வருடமாக நம்பிக்கொண்டிருந்தான். போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். போனால்தானே.

அவன் மறந்துபோன இன்னொன்றும் இருக்கிறது. திட்டுவதை அவன் கற்றுக்கொண்டதே அக்காவைச் சிரிக்க வைக்கத்தான். சின்ன வயதில் வீட்டுக்கு வந்துபோகிற உறவுக்காரர்கள் வாசலைத் தாண்டியதும் அவர்கள் நடை, பேச்சு, மூக்குறிஞ்சல் எல்லாவற்றையும் அவன் நடித்துக் காட்டுவான். அக்கா தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள், போதும்டா போதும்டா என்று அடிப்பாள். இப்போதும் வியாழக்கிழமை காலையில் அந்தப் பக்கத்தை மருத்துவமனையில் சத்தமாகப் படிப்பாள். ஊசி போட்டு மரத்த வாயோடு கிடக்கிறவர்களெல்லாம் ஒருபக்கமாகச் சிரிப்பார்கள். பத்து மணிக்கு அவனுக்கு போன் வரும். "அந்த சேர்ந்திசைக்காரங்களைக் கிழிச்சிருக்கே பாரு" என்று ஆரம்பிப்பாள். வாரத்தில் அவள் போன் செய்வது அந்த ஒரு தடவைதான்.

புதன்கிழமை அலுவலகம் வந்ததும் முதல் வேலையாக அக்காவின் கச்சேரியை எடுத்தான். புகழ்ந்து எழுதத்தான் உட்கார்ந்தான், அது உண்மை. ஆனால் குழுவின் படம் மேசையில் கிடந்தது. ஒன்பது பேரும் வாயில் மவுத் ஆர்கனை வைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தார்கள். அவன் கை சும்மா இருக்குமா. 'ஒன்பது பேர். எல்லாருக்கும் சேர்த்துச் சொந்தப் பல் நாற்பத்தொன்று' என்று ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. ஏழு நிமிடத்தில் பத்து வரியும் வந்து விழுந்தது. ஒரு சொல்லைத் திருத்த வேண்டியிருக்கவில்லை. அவன் வாழ்நாளில் எழுதியதிலேயே அதுதான் உச்சம். வாசித்துப் பார்த்தபோது அவனுக்கே கண்ணில் நீர் வந்துவிட்டது.

பக்கம் வடிவமைக்கிற பெண் அதைப் படித்துவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இதை அச்சுல போட்டோம்னா ஹால் பத்தாது சார்" என்றாள்.

"ஏன் பத்தாது?"

"பின்னே, இப்படிப் படிச்சுட்டு யார் போகாம இருப்பாங்க? போன மாசம் அந்த ராப் பாடறவரை நீங்க காய்ச்சினப்ப நானே போனேனே. உட்கார இடம் இல்லை."

அவள் அப்பட்டமாகச் சொன்னாள். அவன் காதில் அது ஏறவில்லை, ஏனென்றால் அவனுக்கு அப்போது வேறு கவலை. அவள் சிரித்த சிரிப்பையே நினைத்துக்கொண்டிருந்தான். இப்படித்தானே ஊரே சிரிக்கும். மருத்துவமனையில் சிரிப்பார்கள், நாளைக்கு யாராவது இது உங்கள் அக்கா குழுவாமே என்று இங்கேயே வந்து கேட்பார்கள். அக்காவுக்கு அவமானம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். அவமானம் யாருக்கு என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"இதை எடுத்துடுங்க. வேற தர்றேன்."

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பவும் உட்கார்ந்தான். ஒரு மணி நேரம் ஆயிற்று, மதியச் சாப்பாட்டு வேளையும் தாண்டிப் போயிற்று. அக்காவைப் பற்றி நல்லதாக ஒரு வாக்கியம் வேண்டும், ஒன்றே ஒன்று. 'மூச்சு' என்று எழுதினான், அடித்தான். 'ஏழு வருடப் பயிற்சி' என்று எழுதினான், அதைப் பார்த்ததும் ஒரு நக்கல் வந்து ஒட்டிக்கொண்டது, அதையும் அடித்தான். அவர்கள் ஊதி ஒரு தடவையாவது கேட்டிருந்தால் எழுத ஏதாவது இருந்திருக்கும். ஏழு வருடத்தில் ஒரு புதன்கிழமை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. நேரம் ஐந்தை நெருங்கியது. பக்கத்தை அனுப்பியாக வேண்டும்.

"அஞ்சாம் நம்பரைப் போட்டுடுங்க" என்றான்.

அவள் கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "சார், அது விளம்பரக்காரங்களுக்குப் போடறது. இவங்க பட்டியல்ல இல்லையே."

"இருக்கட்டும்."

"படிக்கறவங்களுக்குத் தெரிஞ்சுடும் சார். செவிக்கு விருந்துன்னு பார்த்தாலே எங்க வீட்டுல அடுத்ததுக்குப் போயிடுவாங்க."

"பக்கத்துக்குப் பொறுப்பு நீங்களா நானா?"

அவள் ஐந்தைத் தட்டினாள். 'செவிக்கும் சிந்தைக்கும் விருந்தாகும் இனிய இசை மாலை. மனதை மயக்கும் இசை மழையில் நனைந்திடுங்கள். குடும்பத்துடன் கண்டு களிக்கத் தவறாதீர்கள்' என்று வந்து விழுந்தது. நூலகம், சனிக்கிழமை, ஆறு மணி என்று மாற்றினாள். இரண்டு பக்கமும் பியானோவும் கப்பல் கம்பெனி வாத்தியக் குழுவும், நடுவில் அக்கா.

வியாழக்கிழமை பத்து மணிக்கு போன் வரவில்லை. பதினொன்றுக்கும் வரவில்லை. அக்கா நெகிழ்ந்துபோயிருப்பாள், தொண்டை அடைத்திருக்கும், அதனால்தான் பேசவில்லை என்று அவன் தீர்மானித்துக்கொண்டான். தன்னைப் பற்றி நல்லதாக நினைத்துக்கொள்வதற்கு மட்டும் அவனுக்கு வார்த்தைப் பஞ்சம் வந்ததே கிடையாது.

சனிக்கிழமை ஐந்தரை மணிக்கு நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு நூலகத்துக்கு நடந்தான். வழியில் ஒரு பழைய குளிர்பதனக் கிடங்கு. அந்த வாரம் அவன் திட்டியிருந்த ஒரு ராக் குழு அங்கேதான் வாசிப்பதாக இருந்தது. 'மூன்று கிட்டார், ஒரே ஒரு யோசனை, அதுவும் போன வருடமே தீர்ந்துவிட்டது. வாசலில் காதுக்குப் பஞ்சு தருகிறார்கள். நிகழ்ச்சியில் உருப்படியான பகுதி அதுதான்' என்று எழுதியிருந்தான். கிடங்கு வாசலிலிருந்து வரிசை தொடங்கி, மூலையில் திரும்பி, சைக்கிள் கடையைத் தாண்டிப் போயிருந்தது. கதவில் அவனுடைய பத்து வரியைப் பெரிதாக்கி ஒட்டியிருந்தார்கள். வந்தவர்களுக்குப் பஞ்சு கொடுத்தார்கள், அவர்கள் அதை வாங்கிக் காதில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

வரிசையில் நின்ற ஒருவர் தன் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "இந்த ஆள் திட்டினா நம்பிப் போகலாம். ஒருத்தனை உட்கார்ந்து இவ்வளவு திட்டறான்னா அதுல ஏதோ இருக்குன்னு அர்த்தம். இவன் நல்லா இருக்குன்னு எழுதினான்னா பேசாம வீட்டுல இருந்துடணும்."

அவன் நின்றுவிட்டான். பிறகு வேகமாக நடந்தான். அடுத்த தெருவில் பெரிய அரங்கம், பியானோக் கச்சேரி, நான்காம் எண். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் டிக்கெட் கிழிக்கிறவர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். படிக்கட்டில் ஒருவரும் இல்லை. பத்தொன்பது வருடமாக இந்த அரங்கத்தைத் தான் தூக்கி நிறுத்திக்கொண்டிருப்பதாக அவன் நினைத்திருந்தான். வடிவமைக்கிற பெண் சொன்னது, அக்கா சொன்னது எல்லாம் இப்போது ஒன்றன்பின் ஒன்றாகக் காதில் விழுந்தன. ஓட்டமும் நடையுமாக நூலகத்துக்குப் போனான்.

ஹால் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. நூறு நாற்காலிகளை அழகாக வளைத்துப் போட்டிருந்தார்கள், ஒவ்வொன்றிலும் ஒரு தாள். பொறுப்பாளர் கதவருகே நின்று தலைகளை எண்ணினார். எண்ணுவதற்கு அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. டிரைவரின் மருமகள், அவள் கணவன், மருத்துவமனையிலிருந்து நான்கு பேர், படிக்க வந்து உட்கார்ந்துவிட்டவர் ஒருவர், இப்படிப் பதின்மூன்று. அவனோடு பதினான்கு. ஆறேகால் வரைக்கும் காத்திருந்தார்கள். வாசல் பக்கம் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மேடையில் இருந்த ஒன்பது முகமும் திரும்பின. பிறகு திரும்புவதை விட்டுவிட்டன.

வாசித்தார்கள். முதல் பாட்டு அலங்கோலம். இரண்டு பேர் முன்னால் ஓடினார்கள், மூன்று பேர் நடுவில் மூச்சு வாங்க நின்றுவிட்டார்கள், அக்கா காலால் தரையைத் தட்டித் தட்டி எல்லாரையும் இழுத்துக்கொண்டு வந்து கரையேற்றினாள். இரண்டாவது பாட்டில் டிரைவரின் பல்செட் டக் டக்கென்று அடித்தது. அவர் நிறுத்தவில்லை. நிறுத்தாததோடு அதையே தாளமாக வைத்துக்கொண்டு ஊதினார், மற்ற எட்டுப் பேரும் அந்த டக் டக்குக்குள் வந்து சேர்ந்துகொண்டார்கள். பஸ் ஒன்று மேடேறுகிற மாதிரி பாட்டு மூச்சிரைத்து மேலே ஏறி, உச்சியில் ஒரு கணம் நின்று, மறுபக்கம் குதித்து இறங்கியது. ஏழு வருடமாக இதைத்தான் அடிக்கடி வாசித்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

அவன் தலைக்குள் நக்கல் வரிகளாகக் கொட்டியது, ஒவ்வொன்றும் முந்தியதை விட நன்றாக இருந்தது. அவன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். பதினோரு வருடம் கழித்து ஒரு கச்சேரியில் உட்கார்ந்து சிரித்தான், கூடவே அவனுக்கு அந்தப் பாட்டு பிடித்தும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வரும் என்று அவனுக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. பத்து வரிக்கு விஷயம் இங்கே இருந்தது, நூறு வரிக்கே இருந்தது. பக்கம் அச்சாகி இரண்டு நாளாகிவிட்டது.

கச்சேரி ஏழு மணிக்கு முடிந்தது. பொறுப்பாளர் மேடைக்குப் போய் மரியாதையாகத்தான் சொன்னார். "ரொம்ப நல்லா இருந்ததும்மா. ஆனா பேச்சு பேச்சுதானே. அடுத்த மாசத்திலேர்ந்து புதன்கிழமை அவங்களுக்குக் கொடுத்துடறேன்."

"சரிங்க" என்றாள் அக்கா.

அவள் மவுத் ஆர்கன்களை ஒவ்வொன்றாக வாங்கி, மருத்துவமனைப் பஞ்சில் மருந்தைத் தொட்டுத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினாள். அவன் பக்கத்தில் போய் நின்றான். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"யார்டா எழுதினது அது?"

"நான்தான்."

"பொய் சொல்லாதே. உன் எழுத்து எனக்குத் தெரியும். வியாழக்கிழமை டிரைவர் வந்து, தம்பி நம்மளைப் பத்தி என்ன போட்டிருக்கார்னு ஆசையா கேட்டார். பேப்பர் வரலைன்னு சொன்னேன்."

அவன் சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினான். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். முதல் வரியிலேயே தோள் குலுங்கியது. "நாற்பத்திரண்டுடா. எனக்கே இருபத்தொன்பது இருக்கு" என்று முனகினாள். பிறகு அவளால் நிற்க முடியவில்லை, மேடை விளிம்பில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். மருத்துவமனையில் படிக்கிற மாதிரியே.

"'ஒன்பது பேர். எல்லாருக்கும் சேர்த்துச் சொந்தப் பல் நாற்பத்தொன்று. மவுத் ஆர்கனில் ஊதினால் ஒரு சுரம், உறிஞ்சினால் ஒரு சுரம். உறிஞ்சும்போது பல்செட்டும் கூடவே போய்விடாமல் இருந்தால் முதல் பாட்டு இன்றைக்குள் முடியும். முன்வரிசைக்காரர்கள் குடை கொண்டுவரவும். பறந்து வருவதைப் பிடிப்பவர்கள் அதை உரியவர் வாயில் சேர்த்துவிட்டுப் போகவும். மாற்றி மாட்டினால் அடுத்த பாட்டு வேறு ராகத்தில் கேட்கும்.'"

மற்றவர்கள் சுற்றி நின்றுகொண்டார்கள். ஒரு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார், பல்செட் வெளியே வந்துவிடும் என்று. இன்னொருவர் கழற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டு நிம்மதியாகச் சிரித்தார். டிரைவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. மருமகளைக் கூப்பிட்டு, "கேட்டியா, குடை கொண்டுவரணுமாம்" என்றார். அக்கா தாளால் விசிறிக்கொண்டாள், அவள் முகம் தலையணையில் புதைத்துச் சிரித்த காலத்து முகம். அந்த ஒரு நிமிடம் அவன் சந்தோஷமாக இருந்தான்.

டிரைவர் அவன் தோளைத் தட்டினார். "பிரமாதம் தம்பி. இது எந்தப் பேப்பர்ல வந்தது? நான் பார்க்கவே இல்லையே. பார்த்திருந்தா எங்க டிப்போ ஆளுங்க அத்தனை பேரையும் இழுத்துட்டு வந்திருப்பேன். அவனுங்க இதைப் படிச்சா விடுவானுங்களா?"

அவன் வாயைத் திறந்தான். பல் மருத்துவமனை நாற்காலியில் கிடந்தபோது வந்த அளவு சத்தம்கூட வரவில்லை.

"எதுலயும் வரலை" என்றாள் அக்கா. சிரிப்பு நின்றுவிட்டிருந்தது. தாளை நான்காக மடித்துப் பெட்டிக்குள், மவுத் ஆர்கன்களுக்கு மேலே வைத்து மூடினாள். "ஊர்ல இருக்கறவனையெல்லாம், முகம் தெரியாதவனையெல்லாம் உட்கார்ந்து யோசிச்சு யோசிச்சு திட்டியிருக்கே. எனக்கு மட்டும் செவிக்கு விருந்து."

சொல்லிவிட்டு டிரைவர் கையைப் பிடித்துப் படியில் இறக்கிவிடப் போனாள். பொறுப்பாளர் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்து, நாற்காலிகளை மடித்துச் சுவரோரம் அடுக்க வேண்டும் என்று அவனிடம் சொன்னார். அவன் அடுக்கினான். நூறில் எண்பத்தாறு நாற்காலிகளில் தாள் வைத்தது வைத்தபடி இருந்தது.